வாக்கு போன இடமும் அதிகாரம் இருக்கும் இடமும்

கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் அடித்தால் நாவற்குடாவில் தண்ணீர் எங்கே கட்டி நிற்கும் என்பது ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கல்முனை வீதி. குறுக்கு வீதியில் நிற்கும் வெள்ளம் வடிகானில் இறங்கி, பிரதான வீதியின் அடியிலுள்ள மதகைக் கடந்து வாவியில் சேர வேண்டும். நடந்தால் சில நிமிடத் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் மூன்று நிர்வாகப் பரப்புகள் இருக்கின்றன. குறுக்கு வீதியும் அதன் வடிகானும் மட்டக்களப்பு மாநகர சபையின் பொறுப்பு. கல்முனை வீதி, கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய வழியாக வந்து மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலையின் ஒரு துண்டு; அதனால் அதன் மதகு மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தது. வாவிக்கரைக்குப் போனால் பிரதேச செயலகம், கடற்றொழில் திணைக்களம், கரையோரப் பேணல் திணைக்களம் எல்லாவற்றுக்கும் அங்கே ஏதோ ஓர் உரித்து உண்டு.

இந்த மூன்று இடங்களிலும் முடிவெடுப்பவர்களில் எத்தனை பேர் நாவற்குடாவாரின் வாக்கினால் அந்த இடத்துக்கு வந்தவர்கள்? இந்தக் கேள்வியை நான் ஒரு வடிகானுக்காக மட்டும் கேட்கவில்லை. மக்கள் தெரிவு செய்தவர்களுக்கு ஆட்சியில் உண்மையான பங்கு என்ன என்பது, தோக்கியோவிலும் கொழும்பிலும் இன்றுவரை முடியாத வழக்கு. ஜப்பானில் அந்த வழக்கு எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால், இலங்கை ஒரு காலத்தில் கையில் வைத்திருந்து தொலைத்துவிட்ட ஒன்றின் பெறுமதி நமக்குப் புரியும்.

முதலில் நம் நிலவரம். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று நாம் நாளாந்தம் வாசலில் நிற்கும் அத்தனை பேரும் நியமனம் பெற்றவர்கள். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம், முன்பு அரசாங்க அதிபரிடம் இருந்த பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றியது. அது அதிகாரத்தை மக்களுக்குக் கிட்டக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் ஓர் உத்தியோகத்தரிடமிருந்து இன்னோர் உத்தியோகத்தரிடம்தான் அது கைமாறியது. தெரிவானவர் எவரும் இடையில் வரவில்லை.

தெரிவானவர்களின் பக்கம் மூன்று படிகள் உண்டு: மாநகர சபை, மாகாண சபை, பாராளுமன்றம். நடுப்படி 2017 செப்டெம்பர் 30 முதல் வெறுமையாகக் கிடக்கிறது. அன்று கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கிறது. கீழ்ப்படியும் சில காலம் இல்லாமற் போனது. 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. 2025 மே 6 வரை தேர்தல் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாநகரம் ஆணையாளரின் கையில் இருந்தது. குப்பை வண்டி ஓடியது, சோலைவரி வசூலானது. எல்லாம் நடந்தபடியால் எதுவும் குறையவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எந்த வீதிக்கு முதலில் வடிகான் கட்டுவது, எந்த வட்டாரத்தின் விளக்கு அடுத்த வருடம்வரை பொறுக்கலாம் என்ற கேள்விகளை அந்த நாட்களில் ஒரு தனி மனிதர் மூடிய அறைக்குள் தீர்த்தார் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மட்டக்களப்பு வாவி இதைவிடக் கூர்மையான உதாரணம். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் இந்த வாவி கடலோடு சேரும் வாய்களை மாரிக்கு முன் மணல் மூடிவிடும். மழை கொட்டி நீர்மட்டம் ஏறும்போது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வேளாண்மைக்காரர், வயல் தாழ முன் முகத்துவாரத்தை வெட்டுங்கள் என்பார்கள். வாவியை நம்பியிருக்கும் மீன்பிடிக்காரருக்கு அது பதறும் செய்தி. கண்ட நேரத்தில் வெட்டினால் வளர்ந்துகொண்டிருக்கும் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் அடுப்பு எரிய வேண்டும். எந்த நாளில் வெட்டுவது என்பதற்கு நீர்மட்டத்தின் அளவு துணை செய்யும். ஆனால் யாருடைய இழப்பை எவ்வளவு தாங்கலாம் என்பதை அளவுகோல் சொல்லாது. அது அரசியல் தீர்மானம், அந்தச் சொல்லின் மிக நல்ல பொருளில். அப்படிப்பட்ட தீர்மானம் நம் மாவட்டத்தில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. தெரிவான உறுப்பினர் அங்கே வந்து பேசலாம், வாதாடலாம். கையெழுத்து உத்தியோகத்தருடையது.

ஜப்பானுக்கு வருவோம். 1947 மே 3 முதல் நடைமுறையில் இருக்கும் ஜப்பானிய அரசியலமைப்பின் 41ஆவது உறுப்புரை, அந்நாட்டுப் பாராளுமன்றமான டயட்டை அரச அதிகாரத்தின் மிக உயர்ந்த அங்கம் என்று சொல்கிறது. பிரதமர் டயட் உறுப்பினராக இருக்க வேண்டும். அமைச்சர்களில் பெரும்பாலோரும் அங்கிருந்தே வர வேண்டும். இன்று கீழவையில் 465 பேரும் மேலவையில் 248 பேரும் இருக்கிறார்கள். எழுத்தில் இதைவிடத் தெளிவாக மக்கள் பிரதிநிதிகளை உயர்த்த முடியாது. நடைமுறையோ நெடுங்காலம் வேறாக இருந்தது. சட்டமூலங்களை வரைந்தவர்கள் அமைச்சுகளின் நிரந்தர உத்தியோகத்தர்கள். டயட்டின் குழுக்களில் கேள்வி எழும்போது அமைச்சருக்குப் பதிலாக எழுந்து விடை சொன்னவர்களும் அவர்களே. அமைச்சரவை கூடுவதற்கு முன்னால் எல்லா அமைச்சுகளின் நிரந்தரச் செயலாளர்களும் தனியாகக் கூடினார்கள். அங்கே உடன்பாடு காணாத எதுவும் அமைச்சரவை மேசைக்குப் போகாது என்பது மரபாகியிருந்தது.

அப்படியென்றால் சாதாரண டயட் உறுப்பினர் வெறும் கைதூக்கியா? அதுவும் இல்லை. ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி தன் கொள்கை ஆய்வு மன்றத்தில் ஒவ்வோர் அமைச்சுக்கும் ஈடாக ஒரு பிரிவை வைத்திருந்தது: விவசாயப் பிரிவு, நிர்மாணப் பிரிவு, சுகாதாரப் பிரிவு என்று. 1960களின் தொடக்கத்திலிருந்து, அமைச்சரவை கொண்டுவரும் எந்தச் சட்டமூலமும் முதலில் கட்சியின் இந்தப் பிரிவுகளைக் கடந்துவர வேண்டும் என்ற முறை வேரூன்றியது. ஒரே பிரிவில் பல ஆண்டுகள் இருந்து துறையின் நெளிவு சுழிவெல்லாம் அறிந்த பின்வரிசை உறுப்பினருக்கு, நேற்று வந்த அமைச்சரைவிட அதிகம் தெரிந்திருந்தது. உத்தியோகத்தர்கள் சட்ட வரைவோடு அவரைத் தேடி வந்தார்கள். பாராளுமன்றத்தில் பிறக்க வேண்டிய விவாதம் கட்சி அறையில் பிறந்து, அங்கேயே முடிந்தது.

நீகாத்தா மாவட்டத்தின் ககுவேய் தனாக்கா இந்த முறையின் ஆகப் பெரிய விளைச்சல். பனி மூடிய பின்தங்கிய பிரதேசம் அது. 1972 முதல் 1974 வரை பிரதமராக இருந்த தனாக்கா, அதற்கு முன் சாதாரண உறுப்பினராகவே முப்பதுக்கு மேற்பட்ட சட்டமூலங்களுக்குப் பின்னால் நின்றவர். பெற்றோல் வரியை வீதிகளுக்கென்று ஒதுக்கிய 1953ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் ஒன்று. சொந்தத் தொகுதிக்கு வீதியும் சுரங்கப்பாதையும் அதிவேக ரயிலும் வந்தன. லொக்கீட் விமானக் கொள்வனவில் கையூட்டு வாங்கியதாக 1976இல் கைதாகி, 1983இல் குற்றவாளியாகக் காணப்பட்ட பிறகும் அவருடைய ஊரார் அவரைத் தெரிவு செய்தார்கள். அந்த மக்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தலைநகரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்பதை நம் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான் அந்த நிலையில் தேங்கி நிற்கவில்லை. டயட்டில் உத்தியோகத்தர்கள் அமைச்சருக்குப் பதிலாக விடை சொல்லும் ஏற்பாடு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 2001 தொடக்கம் ஒவ்வோர் அமைச்சிலும் அமைச்சரோடு துணை அமைச்சர்களும் பாராளுமன்றச் செயலாளர்களுமாகத் தெரிவானவர்களின் ஓர் அணி அமர்ந்தது. 2009இல் ஆட்சிக்கு வந்த ஜனநாயகக் கட்சி, நிரந்தரச் செயலாளர்களின் அந்த நெடுங்காலக் கூட்டத்தையே நிறுத்தியது. அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். உத்தியோகத்தரை ஒதுக்கிவிட்டு அமைச்சர்களே எல்லாக் கணக்கையும் பார்க்க முயன்றதில் இயந்திரம் திணறியது. 2011இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது செயலாளர்களை ஒன்றுகூட்டும் ஏற்பாடு வேறு வடிவில் திரும்பி வந்தது. 2014இல் அமைச்சரவைப் பணியாளர் பணியகம் அமைந்து, அறுநூறு வரையிலான உயர் பதவிகளின் நியமனம் பிரதமரின் பார்வைக்குள் போனது. உத்தியோகத்தரின் பிடி தளர்ந்தது. ஆனால் அதனால் பெருத்தது பிரதமரின் அலுவலகம், உறுப்பினரின் இருக்கை அல்ல. 2024 ஒக்டோபரில் ஆளும் கூட்டணி கீழவையில் பெரும்பான்மையை இழந்தபின், 2025ஆம் நிதியாண்டின் வரவு செலவுத் திட்டம் எதிர்க்கட்சியோடு பேசித் திருத்தப்பட்டே நிறைவேறியது. பல பத்தாண்டுகளாக நடக்காத ஒன்று அது. கட்சி அறையில் முடிந்துவந்த பேச்சு அந்த முறை சபைக்குள் வந்தது.

கட்சி அறையில் ஜப்பானியப் பின்வரிசை உறுப்பினருக்குக் கிடைத்த பங்கு, இலங்கையில் 1931இலேயே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. டொனமூர் அரசியலமைப்பு என்றால் சர்வசன வாக்குரிமை என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அதன் மற்றப் பாதிதான் எனக்கு அரிதாகப் படுகிறது. 61 பேர் கொண்ட அரசாங்க சபையில் 50 பேர் தெரிவானவர்கள், 8 பேர் நியமனம் பெற்றவர்கள், 3 பேர் அரச அதிகாரிகள். அதிகாரிகள் மூவரும் நீங்கலாக மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள்: உள்நாட்டலுவல், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழிலும் கைத்தொழிலும் வாணிபமும், கல்வி, போக்குவரத்தும் வேலைகளும். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்தது, அவர்தான் அமைச்சர். திணைக்களத்தின் கோவைகள் குழுவின் முன் வந்தன. பணம் எங்கே செலவாக வேண்டும் என்பதில் குழுவுக்கு வாய் இருந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற கோடு அங்கே இல்லை. ஒதுக்குப்புறத் தொகுதியிலிருந்து தனி ஆளாகப் போனவருக்கும் ஏதோ ஒரு துறையின் நிர்வாகத்தில் ஒரு கதிரை நிச்சயம்.

மட்டக்களப்பு இதனால் என்ன கண்டது? முதலாவது சபையில் இப்பக்கத்திலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார், போக்குவரத்து, வேலைகள் அமைச்சரானார். அதைவிட ஆழமாகப் பார்க்க வேண்டியவர் வ. நல்லையா. ஆசிரியர்; ஊர் இன்றும் நல்லையா மாஸ்டர் என்றுதான் சொல்லும். 1943இல் திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று சபைக்குள் போனார். சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என்று ஜே. ஆர். ஜெயவர்த்தனா பிரேரணை கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் நல்லையா. 1944 மே மாதம் அந்தத் திருத்தம் ஏற்கப்பட்டது. ஒரு கட்சியின் கட்டளை சபையை அடைத்து நிற்காத காலத்தில், வாதத்தால் வாக்குகளை வெல்ல இடமிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கட்சிகள் கட்டிறுகிய பாராளுமன்றத்தில், சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியபோது தமிழ் உறுப்பினர்கள் அதைவிடக் குறைவாகப் பேசவில்லை. எண்ணிக்கை முன்பே முடிவாகியிருந்தது.

வந்தாறுமூலை மத்திய கல்லூரி நல்லையாவின் முயற்சியால் எழுந்தது. அந்த வளாகத்தில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்குள்ள நல்லையா மண்டபத்தில் பட்டம் பெற்ற பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

டொனமூர் முறையைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. அமைச்சர்களுக்கிடையே கூட்டுப் பொறுப்பு இல்லை. ஒவ்வொரு குழுவும் தன் பக்கம் இழுத்தது. கையூட்டுக்கும் வாசல் திறந்திருந்தது. 1940களின் தொடக்கத்தில் உறுப்பினர்கள் மீதான குற்றச்சாட்டுகளை விசாரிக்க ஆணைக்குழுவே அமர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 1936இல் நடந்தது. குழுக்களில் பெரும்பான்மையினர் கணக்குப் பார்த்துப் பிரிந்து அமர்ந்தால் ஏழு தலைவர்களும் ஒரே இனத்தவராக வரலாம் என்று கண்டுகொண்டு, அப்படியே சிங்களவர் மட்டும் கொண்ட அமைச்சர் சபையை அமைத்தார்கள். சிறுபான்மையினரைக் காக்கும் என்று நம்பிய முறையை, கூட்டல் கணக்குத் தெரிந்தவர்கள் ஐந்தே ஆண்டில் திருப்பிப் போட்டார்கள். ஆனாலும் அமைச்சர் பதவி கை நழுவிய அந்த நாளிலும் தமிழ், முஸ்லிம் உறுப்பினர்களின் குழுக் கதிரைகள் அவர்களிடமே இருந்தன. 1947இல் சோல்பரி முறை வந்து குழுக்களை எடுத்துவிட்டபோது போனவை அந்தக் கதிரைகள்.

அதற்குப் பிறகு மட்டக்களப்பு வாக்காளர் முன் வைக்கப்பட்ட தெரிவு கொடியது. எதிர்க்கட்சியில் இருந்து உரிமைக்குக் குரல் கொடுப்பவரை அனுப்புவதா, ஆளும் பக்கம் போய் வீதியும் வேலையும் கொண்டுவருபவரை அனுப்புவதா? செல்லையா இராசதுரையின் வாழ்வு இந்தப் பிளவை அப்படியே காட்டும். 1956 முதல் தமிழரசுக் கட்சியின் மேடைகளை ஆண்ட நாவலர், 1967இல் மட்டக்களப்பு மாநகர சபையாக உயர்ந்தபோது அதன் முதல் மேயர். 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். துரோகம் என்றனர் ஒருசாரார். இருபது வருடம் பேசிப் பெறாததை இப்போதாவது பெறட்டும் என்றனர் மறுசாரார். அந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஓர் உறுப்பினர் தன் கட்சியை விட்டால்தான் தன் ஊரின் மதகைப் பற்றிய முடிவில் பங்குபெறலாம் என்று அமைத்து வைத்திருக்கும் முறையைத்தான் நான் குற்றம் சொல்வேன். இப்படியொரு விலையை டொனமூர் உறுப்பினர் எவரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2024 நவம்பர் தேர்தலில் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐத் தேசிய மக்கள் சக்தி வென்றது. வெல்லாத ஒன்று மட்டக்களப்பு. ஐந்து ஆசனங்களில் மூன்று தமிழரசுக் கட்சிக்குப் போயின. மக்கள் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். அதற்காக அவர்களின் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் நிர்வாகத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு எஞ்சியிருப்பது பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்களும். முன்னையது ஆராய்ந்து அறிக்கை எழுதும். பின்னையதில் உத்தியோகத்தர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். பலமுறை சூடாகவே கேட்கிறார்கள். தலைமை அரசாங்கம் நியமிக்கும் ஒருவரிடம்.

பெரிய முடிவுகள் இந்தக் குழுக்களுக்கும் வெளியே நடப்பதற்கு, புதிய கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் கட்டிய ஒற்றைவழி லேடி மானிங் பாலத்தின் அருகே, ஜப்பானியக் கடனுதவியோடு எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. நாவற்குடாவிலிருந்து பட்டினத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் அதில் ஏறித்தான் போகிறோம். மறுவருடம் மண்முனைத்துறையில், பாதைப் படகில் ஏறி வாவி கடந்த காலத்தை முடித்த பாலமும் ஜப்பானின் நன்கொடையே. இரண்டும் நல்ல பாலங்கள், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அவற்றின் முடிவு கொழும்பின் திறைசேரிக்கும் ஜப்பானிய அரசாங்கத்துக்கும் இடையே முடிந்தது. டயட் உதவிக்கான மொத்தத் தொகையை வரவு செலவுத் திட்டத்தோடு அங்கீகரிக்கும். தனியொரு பாலத்துக்கென்று அங்கே வாக்கெடுப்பு இல்லை. நம் மாவட்டத்தின் தெரிவான சபை எதிலும்கூட அது தீர்மானமாக வரவில்லை. அப்போது கிழக்கு மாகாண சபை உயிரோடு இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததுதான் மாகாண சபை. 1987இன் 13ஆவது திருத்தம் ஒரு முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும் கொண்ட அமைச்சர் சபையைத் தந்தது. அதிகாரம் ஆளுநரின் கையில் சிக்கிக் கிடந்தது என்பது சரி. நிதி கொழும்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது என்பதும் சரி. என்றாலும் 2008 முதல் 2017 வரை பாடசாலை, வைத்தியசாலை, மாகாண வீதி பற்றி இந்த மாவட்டத்தார் தெரிவு செய்தவர்கள் கேள்வி கேட்கவும் ஒதுக்கீடு செய்யவும் ஒரு சபை இருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பேரம் பேசியாவது ஒரு மேசையில் இருந்தார்கள்.

அதை நிறுத்தியது யுத்தமோ நீதிமன்றமோ அல்ல. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டுக் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் சபைக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரித்து ஒருவர்கூட இல்லை. பழைய சட்டம் இல்லை, புதிய சட்டத்துக்கு எல்லை இல்லை. ஒரு நாட்டின் தெரிவான உறுப்பினர்கள், தங்கள் வாக்கினாலேயே ஒன்பது மாகாணங்களின் தெரிவான உறுப்பினர்களை இல்லாமல் செய்தார்கள்.

திரும்பப் பெறுவதற்கான சாவியும் அதே சபையில் இருக்கிறது. டயட்டின் கீழவையில் தனிநபர் சட்டமூலம் ஒன்றை முன்வைக்கக் குறைந்தது இருபது உறுப்பினர்களின் கையொப்பம் வேண்டும். அது செலவுக்கு வழிவைத்தால் ஐம்பது. கொழும்பில் ஒரே ஓர் உறுப்பினர் போதும். தேர்தலைப் பழைய விகிதாசார முறையில் நடத்த வழிவிடும் தனிநபர் சட்டமூலத்தை 2025இல் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர் இராசமாணிக்கம் சாணக்கியன். சிறிய சட்டமூலம். புதிய எல்லை வேண்டாம், புதிய ஆணைக்குழு வேண்டாம். 225 பேர் கொண்ட சபையில் 159 ஆசனங்களை வைத்திருக்கும் அரசாங்கம் கை உயர்த்தினால் ஒரு நாளில் நிறைவேறும்.